பெற்சியின் பெயரில் ஓர் அர்ச்சனை

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
ஒக்ரோபர் 20

அன்பு மகள் தாட்சாயினிக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் காவலில் நானும் அப்பாவும் சுகம், அமெரிக்காவில் ரிச்மண்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கத் தினமும் கும்பிடுகிறேன். அப்பா துறைமுக வேலைக்குப் போய்வருகிறார், முழங்கால் நோவு குறையவில்லை. போனில் சொன்னால் பேந்து கதைக்கிறேன் என்று வைத்துவிடுவாய், அதுதான் எழுதுகிறேன். உன் வேலை அனுமதி நவம்பர் 18இல் முடிகிறது. நீ வேலை செய்யும் ஆவணக் காப்பகத்தின் பெட்டியில் இன்னும் வாசிக்காத பழைய கடதாசிகள் இருக்கின்றன, பத்து நாள் கூட நின்றால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்தப் பெட்டியிலிருந்து நீ பிரதி எடுத்து அனுப்பிய விடுதலைப் பத்திரத்தை அகராதி வைத்து ஐந்து நாளாய் வாசித்தேன். 1831இல் டைனா என்ற அடிமைப் பெண்ணை எசமான் விடுதலை செய்கிறான், அவளுடைய நான்கு வயது மகள் பெற்சிக்கு மட்டும் இருபத்தைந்து வயதில்தான் விடுதலையாம். விடுதலையானவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குள் வர்ஜீனியாவை விட்டுப் போகாவிட்டால் திரும்பப் பிடித்து விற்கலாம் என்பது அந்நாளைய சட்டம் என்று நீதான் எழுதியிருந்தாய். கணக்குப் பார்த்தேன், தாய் விட்டுப் போக ஒரு வருடம், பிள்ளை விடுதலையாக இருபத்தொரு வருடம். டைனா போனாளா, ஒளித்து நின்றாளா என்று தெரியாமல் வரமாட்டேன் என்கிறாய். எனக்கும் அறிய ஆசைதான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பெற்சியின் பெயரில் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். பத்திரத்தில் வயது இருக்கிறது, இடக்கையில் தழும்பு என்று இருக்கிறது, பிறந்த நாள் இல்லை. என் வாயில் வந்தது உன்னுடைய பூரட்டாதிதான். காரில் ஏறியதும் அப்பா, "என்னப்பா, செத்து நூறு வருசம் தாண்டின பிள்ளைக்கு எங்கட பிள்ளையின்ர நட்சத்திரத்தைக் குடுத்திட்டு வாறீர்" என்று பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயர் அந்தப் பெயரையும் உன் நட்சத்திரத்தையும் ஒன்றாய்ச் சொன்னபோதே உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். மகள், டைனா நின்றிருந்தால் பிள்ளைக்காக நின்றிருப்பாள். நீ தவணை தாண்டி நின்று, பிறகு அவர்கள் உன்னை உள்ளே விடாவிட்டால் அந்தப் பெட்டியை யார் திறப்பது, பெற்சியை யார் தேடுவது? முறையாய் வந்து, முறையாய்த் திரும்பிப் போ, நான் மறிக்கமாட்டேன். அப்பா 17ஆம் திகதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டார், எல்லைக்கு இந்தப் பக்கம் காரோடு நிற்பார்.

எல்லாம் வல்ல பிள்ளையார் உனக்குத் துணை நிற்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் போடாதே, கைப்பையில் வை. அப்பா எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் எழுது.

உன் அம்மா,
ம. புஷ்பராணி