நான் கேட்காமல் விட்ட வீடு

இன்று காலை உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். கல்லூரியில் எங்கள் மனநலத் துறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய இரும்பு அலமாரியைத் திறந்ததும் கரையான் மண்ணும் அந்துருண்டையும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. உள்ளே கட்டுக்கட்டாக நம்முடைய படிவங்கள். உதவியாளர் எட்டிப் பார்த்து, "ஏனுங் சார், இதையெல்லாம் எடைக்குப் போட்டறலாமுங்களா?" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தவன், மேலே இருந்த தாளில் உருண்டை உருண்டையான உங்கள் எழுத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். நீங்கள் இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்ததே காரியமெல்லாம் முடிந்து பதினைந்து நாள் கழித்துத்தான். துக்கத்துக்கு வராதவன் எழுதுகிற கடிதம் இது.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் ஒரே ஜீப்பில் ஊர் ஊராகப் போனோம். எத்தனை பேருக்கு மனநோய் இருக்கிறது, அதில் எத்தனை பேருக்கு வைத்தியம் கிடைத்திருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது வேலை. நான் மனநல மருத்துவன், ஆராய்ச்சிக்குப் பொறுப்பாளன். நீங்கள் களப்பணியாளர், கோபிசெட்டிபாளையத்துக்காரர், என் வயதுதான். கோயம்புத்தூர் கோட்டைமேட்டு முஸ்லிம் என்பதால் என்னை 'டாக்டர் பாய்' என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள். கடைசி வரைக்கும் நமக்குள் வாங்க போங்கதான். கோயம்புத்தூர்க்காரர்களின் அந்த மரியாதையை ஊரே மெச்சும். எனக்கு இப்போது அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

முதல் மாதம் நாம் எழுதியதெல்லாம் 'இல்லை'. "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனக்கோளாறு உண்டா?" என்று நான் படிவத்தைப் பார்த்துப் படிப்பேன். "நம்மூட்டுல அப்படி ஆரும் இல்லீங்க. மோர் குடிக்கறீங்களா?" என்பார்கள். மோர் மட்டும் வஞ்சனையில்லாமல் கிடைத்தது. கொங்கு நாட்டில் பைத்தியமே கிடையாது என்று கட்டுரை எழுதிவிடலாம் என்று நான் சலித்துக்கொண்டபோது நீங்கள் சிரிக்கவில்லை.

"இப்படிக் கேட்டா ஆருங்க சொல்லுவாங்க? பையனுக்குப் பொண்ணுப் பாத்துட்டு இருக்கறவங்க சொல்லுவாங்களா? கல்யாணப் பேச்சை எடுங்க டாக்டர் பாய். இணைச்சீர் ஆரு செஞ்சதுன்னு கேளுங்க."

எனக்கு இணைச்சீர் தெரியாது. ஜீப்பில் போகும்போதே விளக்கினீர்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளை அவனோடு உட்கார வைத்துச் செய்கிற சீர் அது. அவளுக்குக் கூறைப்புடவை கொடுத்து, ஊர் பார்க்க மரியாதை செய்வார்கள். கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் சித்தப்பா மகளோ பெரியப்பா மகளோ அந்த இடத்தில் உட்காருவாள். "கூடப் பொறந்தவ ஊட்டுல இருந்தும் வேற ஒருத்தி உக்கார்ந்தான்னா, ஏதோ இருக்குதுன்னு அர்த்தமுங்க" என்றீர்கள்.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டில் அதை முதன்முதலாகக் கேட்டுப் பார்த்தோம். மாமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். மகன் கல்யாணத்தைப் பற்றி அந்த அம்மா வாய் நிறையப் பேசினார். "இணைச்சீரு எங்க கொழுந்தனார் புள்ள செஞ்சுதுங்க" என்றார். நீங்கள் மெதுவாக, "ஏனுங்கம்மா, உங்களுக்குப் பொண்ணுப் புள்ள இல்லீங்களா?" என்றீர்கள். அந்த அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு, "உள்ள இருக்கறாளுங்க. ஆளுகளைக் கண்டாச் சத்தம் போடுவா" என்றார். மூன்று வருடமாக அந்தப் பெண் தவிட்டு மூட்டை அடுக்கிய அறையில் இருந்தாள். நாம் மாதம் ஒன்று போட்ட ஊசியில் ஆறு மாதத்துக்குள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்தாள். அன்று நான் உங்கள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ஊர் வழக்கம் தெரிந்த ஆள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு படிவங்கள் நிறைந்தன. உங்கள் கேள்வியை வேறு வேறு விதமாக மாற்றி எல்லா ஊரிலும் கேட்டோம். ஒரு நாள் காங்கேயத்தில் பேக்கரியில் டீ குடிக்கும்போது நீங்கள் திடீரென்று கேட்டீர்கள்:

"ஒரு ஊட்டுல அப்படி ஒருத்தர் இருக்கறது நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கங்க. அவங்களா வாயத் தொறக்கல. நாமளாப் போயிக் கேக்கலாமுங்களா?"

நான் ஆராய்ச்சி நெறிமுறையை அப்போதுதான் கரைத்துக் குடித்திருந்தேன். "கூடாதுங்க. அவங்க சம்மதம் இல்லாம ஒரு வார்த்தை கேக்கக் கூடாது" என்று பாடம் நடத்தினேன். யார் வீடு என்று கேட்கவில்லை. நீங்கள் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, டீயில் தொட்டுக்கொண்டிருந்த பன்னைத் தின்னாமலே எழுந்தீர்கள்.

அடுத்த மாதம் உங்களுக்குக் கல்யாணம். உங்கள் ஊர் கோபியில், தோட்டத்திலேயே பந்தல். மாப்பிள்ளைக் கோலத்தில் நீங்கள். உங்கள் பக்கத்தில் இணைச்சீருக்கு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் பெருமையாக, பக்கத்தில் இருந்தவரிடம், "மாப்பிள்ளை தங்கச்சிங்களா?" என்றேன். "இல்லீங்க, சித்தப்பன் மகள்" என்றார். "சொந்தத் தங்கச்சி..." என்று ஆரம்பித்தவரை அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள், அதையும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மறந்துபோனதாகப் பல வருடம் நடித்திருக்கிறேனே தவிர மறக்கவில்லை. கல்யாண நாளில் அதைப் பேசுவதா, வேற்று ஆள் நமக்கென்ன உரிமை, அவராக ஒரு நாள் சொல்லட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். உங்களைப் பெற்ற அய்யன் வாசல் வரை வந்து, "இன்னொரு நாளைக்கு வாங்க" என்று கைகூப்பினார். திங்கட்கிழமை நீங்கள் வேலைக்கு வந்தீர்கள். நான் சாப்பாடு அருமை என்றேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஊசி மருந்துப் பெட்டி தினமும் நமக்கு நடுவில், ஜீப் இருக்கையில் இருந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில், உங்கள் வாழைத்தோட்டத்தை ஒட்டிய வாய்க்காலில் உங்கள் தங்கை இறந்து கிடந்தாள். தவறி விழுந்தாளா என்பது யாருக்கும் தெரியாது. நீங்கள் வேலையை விட்டீர்கள். நான் கட்டுரை எழுதினேன். உங்கள் கேள்விக்கு 'மறைமுக வினா முறை' என்று பெயர் வைத்தேன். வெளிநாட்டில் போய் வாசித்தேன், கை தட்டினார்கள், பேராசிரியர் ஆனேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நாம் ஆய்வுக்கு எடுத்த ஊர்களில் கோபி இல்லை. அதனால் அவள் அந்தக் கட்டுரையின் எந்த எண்ணிக்கையிலும் வரமாட்டாள்.

பல வருடம் கழித்து, காரமடையில் உங்கள் உரக்கடைக்கு வந்தேன். மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தீர்கள். நான் எப்படியோ வார்த்தையைத் திரட்டி, "எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமுன்னு எனக்கும் தெரியுமுங்க" என்றீர்கள். கோபமில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஆபீசுல வேற ஆரையும் நான் கல்யாணத்துக்குக் கூப்பிடல, உங்களை மட்டுந்தான் கூப்பிட்டேன். எங்கய்யனை எதுத்துப் பேச என்னால முடியாது. டாக்டரு ஒருத்தர் பந்தல்ல வெச்சு, தங்கச்சி எங்கன்னு கேட்டுப்போட்டா, அப்புறம் அவரால மறைக்க முடியாதுங்களே. நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்தார். நீங்கள் எழுந்து போய் யூரியா எடுத்துக் கொடுத்தீர்கள். அதுதான் நாம் கடைசியாகப் பார்த்துக்கொண்டது.

இப்போது என் மாணவர்கள் யாராவது, "ஒரு வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்யலாம் சார்?" என்று பொதுவாகக் கேட்டால், நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, "யார் வீட்டில்?" என்று கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். ஒரு பெண் எழுந்தே போய்விட்டாள். இரண்டு பேர் அழுதார்கள், அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் அய்யனுக்கு முன்னால் நிற்பதுபோல் இருக்கிறது. அப்படியும் கேட்டுவிடுகிறேன். கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.