கேம் பெட்டியா, கம்ப்யூட்டரா

தென்காசி
10.5.1987

அன்பு மகன் ஏசுதாசனுக்கு,

உன் அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. கர்த்தர் காத்துக்கொண்டதால் அப்பாவும் நானும் உன் தங்கை எப்சிபாவும் சுகமாக இருக்கிறோம், பஹ்ரைன் வெயிலில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் உனக்காக முழங்கால் போட்டு ஜெபிக்கிறோம். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல எப்சிபாதான் எழுதுகிறாள். எனக்கு ஆபரேஷனில் தையல் போட்ட இடம் இப்போது வலிப்பதில்லை, ஆனாலும் குடம் தூக்க விடமாட்டேன் என்கிறாள். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மலைப் பக்கம் நேற்று மேகம் இறங்கியது, இந்த வருஷம் சாரல் சீசன் முந்திக்கொள்ளும் என்று இப்போதே குற்றாலத்தில் நம் எண்ணெய்க் கடைக்குக் கீற்று மாற்றப் போய்வருகிறார்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வருகிற உன் சிநேகிதனிடம் ஒரு சாமானுக்குத்தான் இடம் இருக்கிறது, டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டியைக் கொடுத்துவிடவா, இல்லை விளையாடவும் செய்யலாம் படிக்கவும் செய்யலாம் என்கிற சின்னக் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடவா என்று எழுதியிருந்தாய். எப்சிபாவிடமும் கேளுங்கள் என்று எழுதியிருந்தாய். கேட்டேன். கடைக்கு எது தோதோ அதுவே போதும் என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவள் குணம் உனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், அதன்பிறகு சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்பட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. கோயிலுக்குப் போனாலும் கடைசி வரிசைதான். அரிசி புடைத்து, துவைத்து, இவள் காலம் இந்த அடுக்களைக்குள்ளேயே போய்விடுமோ என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை. இதை எழுதமாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள், நான்தான் அதட்டி எழுத வைத்தேன்.

அப்பாவின் ஆசை கேம் பெட்டியில்தான் இருந்தது. அருவிக்கு வருகிறவர்கள் நம் கடையில் எண்ணெய் வாங்கித் தேய்த்துக்கொண்டு, அது ஊறும்வரை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடினால் கடையில் கூட்டம் சேரும் என்பது அவர் யோசனை. செங்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் முகம்மது மீரான் அண்ணாச்சியிடம் இரண்டு சாமானும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, போன சனிக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சி பொறுமையாக எல்லாம் காட்டினார். கேம் பெட்டியில் ஆட்டம் அடங்கிய ஒரு கட்டையைச் சொருகினதும் டிவியில் படம் வந்துவிடுகிறது, கரண்ட் போய் வந்தாலும் உடனே ஆடலாம், பிடிப்பதற்கு ஒரே ஒரு குச்சி, எண்ணெய்க் கை பட்டாலும் துணியால் துடைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டேப்ரிக்கார்டரில் கேசட் ஓடவேண்டும், அது கீச்சென்று கத்தி முடிகிறவரை காத்திருக்கவேண்டும், நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. எண்ணெயத் தேச்சிக்கிட்டு இது கத்தி முடியுத வரைக்கும் எவன் நிப்பான் அண்ணாச்சி, அதுக்குள்ள அருவியே வத்திப்போகும் என்று அப்பா சொன்னதும் கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கேம் பெட்டி என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

பிறகு அப்பாவும் கடையில் இருந்தவர்களும் டீ குடிக்கப் போனார்கள். எப்சிபா அண்ணாச்சியிடம் கண்ணாலேயே கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதோடு இருந்த புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை, தப்பு என்று கம்ப்யூட்டர் சொல்லிற்றாம், திருத்தினாள். கடைசியில் டிவியில் ஒரு புள்ளி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய் முட்டித் திரும்பியது. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. மற்றவர்களோடு திரும்பி வந்த அப்பா, என்னட்டி இது, அங்கன போகுது இங்கன வருது, இதுக்கு நம்ம வீட்டுக் கோழியப் பாத்துக்கிட்டு இருக்கலாமே என்று கேலி செய்தார். அவள் தலை நிமிரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "அந்தப் பெட்டியில அவங்க வச்சிருக்கததான் நாம ஆடணும்ப்பா. இதுல நான் சொன்னத அது ஆடுது" என்றாள். வெளியாட்கள் இருக்கிற இடத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் வரும்போது அப்பா அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இன்று ஆராதனை முடிந்து வந்து கடிதம் எழுத உட்கார்ந்தோம். கேம் பெட்டி என்றே அப்பா எழுதச் சொன்னார், அவளும் அப்படியே எழுதினாள். எனக்கு மனசு ஆறவில்லை. இவள் ஆசைப்பட்டு உட்கார்ந்தது அந்த ஒரு இடத்தில்தானே என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அவளே முந்திக்கொண்டு, கடைக்கு அதுதாம்மா சரி, எண்ணெயும் தண்ணியும் பட்டா கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்று எனக்கு எதிராகப் பேசினாள். அவள் சொன்னது உண்மைதான். அப்பா அவள் எழுதின தாளை வாங்கி ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு நான்காகக் கிழித்தார். "சாரல் நின்னா அந்தப் பெட்டி பரண்ல கெடக்கும். எம் பிள்ள அதுமாதிரி கெடக்க வேண்டாம். வேற தாள் எடுட்டி" என்றார். அவள் அடுக்களைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இது அதற்குப்பிறகு எழுதுகிற தாள்.

ஆகையால் மகனே, கம்ப்யூட்டரையே கொடுத்துவிடு. அதைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோகப் போவதில்லை, நீ போன லீவில் கொண்டுவந்த டிவி பக்கத்தில் இங்கேயே இருக்கும். கடை எப்போதும்போல எண்ணெயும் துண்டுமாக நடக்கட்டும். டேப்ரிக்கார்டரில் மாட்டுகிற வயரை மறந்துவிடாதே, அது இங்கே கிடைக்காது என்று மீரான் அண்ணாச்சி சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, ஜெபத்தை விடாதே. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

உன் நன்மையையே நினைத்திருக்கும் அம்மா,
சுகிர்தம்

எழுதியது எப்சிபா. அண்ணன், கனமாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரோடு வரும் அந்தப் புத்தகத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று உங்கள் சிநேகிதரிடம் சொல்லுங்கள். இங்கிலீஷ்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன்.