பெட்டிச் சாவி

மார்ச் 3
மகள் உருண்டைக்கு இன்று முதல் பல். முளைத்தது என்னவோ அவளுக்கு. வாயெல்லாம் பல்லாக நின்றது அவள் அப்பா. சாயங்காலம் வரை ஒரே பாட்டு. நான் பாட்டைக் கேட்கவில்லை. வேகம் கூடுகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். புருஷன் சந்தோஷமாக இருந்தால் எனக்குக் கவலை. என்ன பிழைப்பு இது?

மார்ச் 5
அடுத்த மாதம் நூலகத்தில் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். பகலில் உருண்டை அவரிடம். தையல் மிஷின் பழுது பார்ப்பது முன்னறையில்தானே, வசதிதான். ஆனால் நம்பி விடலாமா? எழுதவே கை கூசுகிறது.

கல்யாணமான மறுவருஷம் முதலில் அவருக்குத் தூக்கம் போனது. பிறகு பேச்சு பறந்தது. எல்லாவற்றையும் இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று கடிகாரம், மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி வரை கழற்றிப் போட்டார். ஏறியது இறங்கியபோது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் மாதக்கணக்கில் எழவில்லை. பைபோலார், மனநிலை ஏறி இறங்கும் நோய் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான்.

அன்றிலிருந்து, பொழுது சாய்ந்தால் கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்துவிடுவார். “கடை கட்டியாச்சு முதலாளியம்மா.” சட்டம் போட்டதும் அவர்தான்.

மார்ச் 8
இரவு சாவி கேட்டார். “தொட்டில் ஆடுது. ஒரு ஸ்க்ரூதான்.”
“தொட்டில்னா ஆடத்தானே செய்யும்? காலைல பாத்துக்கலாம்.”
என் கண்ணைப் பார்த்தார். “சரிங்க டாக்டர்.”
தொட்டில் நிஜமாகவே தளர்ந்துதான் இருந்தது.

மார்ச் 9
இன்று அவர் பாடவில்லை. இத்தனை நாள் பேச்சும் பாட்டும் நோயின் அறிகுறியோ என்று நாத்தனாரிடம் போனில் புலம்பினேன். “என் தம்பி பொறந்ததுலேருந்தே வாயாடிதான்மா. அதுக்கெல்லாம் மாத்திரை கிடையாது.” சிரித்துவிட்டேன். பிறகு அழுகை.

மார்ச் 14
காலையிலேயே பெட்டியைப் பூட்டிச் சாவியை நீட்டினார்.
“இன்னைக்குக் கடை லீவு. ரெண்டு ராத்திரியா தூக்கமே இல்ல. நீ அசந்து தூங்குறேன்னு எழுப்பல.”
“ரொம்ப கஷ்டமா இருக்கா?”
“கஷ்டமா இருந்தா பரவால்ல. நல்லா இருக்குடி. அதான் பயமா இருக்கு.”

ஓடி ஓடி வேவு பார்த்த எனக்குத் தெரியவில்லை. அவரே பிடித்துவிட்டார்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்தளவை மாற்றினார். “ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, பாதி வேலை முடிஞ்சுது.” என்னிடம் தனியாக: “அவர் தூக்கத்தைக் கவனிங்கம்மா. சிரிப்பைக் கவனிச்சீங்கன்னா, மனுஷன் சிரிக்கறதையே விட்டுடுவாரு.”

சுருக்கென்றது.

மார்ச் 17
நாத்தனார் துணிப்பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். ராத்திரியில் உருண்டை அவர் பொறுப்பு. “ரெண்டு பேரும் போய்த் தூங்குங்க. குறட்டை கேக்கலைன்னா வந்து அடிப்பேன்.”

மார்ச் 25
தூங்குகிறார். புது மருந்தளவால் கை லேசாக நடுங்குகிறது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறார். கோத்துக் கொடுத்தேன். “சம்பளம் கேக்காதே” என்றார். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30
மூவரும் பேசி முடிவு செய்தோம். தூக்கம் கெட்டால் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடனே நாத்தனார் வந்து உருண்டையைப் பார்த்துக்கொள்வார். நான் அவர் முகத்தை முறைத்துப் பார்க்கக் கூடாது. கடைசி நிபந்தனை அவருடையது.

ஏப்ரல் 6
வேலையில் முதல் நாள். மதியம் பொறுக்காமல் போன் செய்தேன்.
“லைப்ரரில பேசக் கூடாதுன்னு போர்டு இல்லையா?” என்றார். பிறகு போனைத் தொட்டிலருகே வைத்துவிட்டு உருண்டைக்குப் பாடினார்.

இந்த முறை பாட்டைக் கேட்டேன். சுருதி எங்கேயும் சேரவே இல்லை. இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்?