சொட்டு நீலம் போட்ட கார்

2006

ஜூன் 11, ஞாயிறு

தம்பி முத்துராமலிங்கம் வாரத்தில் ஆறு நாள் எங்கள் பிரஸ்ஸிலிருந்து பட்டாசு லேபிள் லோடு ஏற்றிக்கொண்டு நாரணாபுரம், எம். புதுப்பட்டி என்று வேன் ஓட்டுகிறான். ஏழாவது நாள் ஓய்வு. ஓய்வில் என்ன செய்கிறான்? டிவி முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டுகிறான். சிங்கப்பூரில் ரெண்டு வருசம் இருந்தவன் கொண்டுவந்தது ஒரு தைல பாட்டில், ஒரு போர்வை, இந்தக் கேம் பெட்டி.

"ஏலே, வேன் ஓட்டுறது பத்தலையா?"

"இதுல போலீசு மறிக்க மாட்டான்க்கா."

இன்றைக்குப் புதுசாக ஒன்று காட்டினான். ரேஸ் விடாமல் காரை வெளிநாட்டுத் தெருவில் நிறுத்தி, சுற்றி நடந்து போட்டோ எடுக்கலாமாம். கல்யாண வீட்டு போட்டோக்காரர் மாதிரி குனிந்து எடுக்கலாம், முதுகு வலிக்காது. என் கையில் கொடுத்தான். ஒரு வெள்ளைக் காரை நிறுத்தி எடுத்தேன். படத்தில் ஒரு விளக்குக் கம்பமும் பாதிச் சக்கரமும் இருந்தன.

"கார் எங்கக்கா?"

"இப்பத்தான் போச்சு. நீ லேட்டு."

ஜூன் 13

வேலை விட்டு வந்ததும் ஒன்று எடுத்தேன். இன்றைக்கு முழுச் சக்கரம்.

ஜூன் 18, ஞாயிறு

முழுக் காரும் வந்துவிட்டது! கீழே இறங்கி, மூஞ்சியைச் சரித்து எடுத்தால் கார் நம்மைப் பார்த்து முறைக்கிறது. ஆனால் ஒரு குறை. வெள்ளைக் கார் வெள்ளையாக இல்லை. டீக்கடை கிளாஸ் மாதிரி ஒரு பழுப்பு.

ரிமோட்டை எடுத்தேன். டிவியில் கலர், பிரைட்னஸ் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கினேன். கேமிலேயே போட்டோவுக்குக் கலர் கூட்டிக் குறைக்க ஒரு இடம் இருக்கிறது, அதிலும் நீலத்தைத் தள்ளினேன். மஞ்சள் போய், கார் பளிச்சென்று வெள்ளையானது.

முத்து பார்த்துவிட்டு, "அக்கா, காருக்கு சொட்டு நீலம் போட்டு அலசிட்டீகளா?" என்றான்.

"ஏலே, இருபத்திரண்டு வருசமா பிரஸ்ஸுல கலர் பாத்து பாஸ் போடுறவ நான். நீ ஸ்டியரிங்கைப் பாரு."

என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே, "டிவிய அணைச்சுப் பாருங்க, எல்லாம் ஒரே கலர்தான்" என்றார். தீர்ப்பு.

ஜூன் 22

மனசு சரியில்லை. சரியில்லை என்று எழுதினாலும் சிரிப்பு வருகிறது.

பிரஸ்ஸில் என் வேலை இதுதான்: மிசினிலிருந்து வரும் முதல் ஷீட்டை என் மேசையில் மாதிரி ஷீட்டோடு வைத்துப் பார்ப்பேன். நான் தலையை ஆட்டினால்தான் மிசின் ஓடும். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. கண் நிற்கவில்லை.

இன்றைக்கு எம். புதுப்பட்டி கம்பெனியிலிருந்து பூச்சட்டி லேபிள் கட்டுகள் திரும்பி வந்துவிட்டன. லேபிளில் சிரிக்கிற பிள்ளைக்கு மஞ்சள்காமாலையா என்று கேட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். முதலாளி லட்சுமிகாந்தம் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார் — என்னையும், பெரிய மிசினை ஓட்டுகிற தங்கச்சாமியையும்.

"மதினி பாத்த ஷீட்டுதான் மொதலாளி. அதுக்கப்புறம் நான் மைய தொடவே இல்ல" என்றான்.

"தொடாமத்தான் சாம்பார் வாளிய மைத்தொட்டியில கவுத்தியாக்கும்?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும். தங்கச்சாமியும் சிரித்தான், பாவம்.

ஜூன் 26, திங்கள்

தரைச்சக்கரத்துக்குப் புது லேபிள் வேண்டும், கார் படமாக வேண்டும் என்றார் முதலாளி. எங்கள் வீட்டிலேயே இருக்கே! தம்பி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற ஸ்ரீமதி ஒரு தாளில் எடுத்துக் காட்டினாள். எனக்கு நல்லாத்தான் பட்டது. சுற்றி நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, ரோடும் நீலம், காரும் நீலம். கார் கடலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

"உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு கெட்டுப்போச்சு. ஒரு கண்ணாடி வாங்கி மாட்டு."

முதலாளி படத்தை ஓரமாக வைத்தார். அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னார்: "தங்கச்சாமி, ரெண்டு லோடு திரும்பிருச்சு. இன்னொண்ணு வந்துச்சுன்னா நீ கட்டிங் மிசினுக்குப் போயிரு."

பெரிய மிசினில் நிற்க அவன் பதினோரு வருசம் காத்திருந்தான்.

ஜூலை 2, ஞாயிறு

தம்பிக்கு இன்றைக்குப் பாடம் நடத்தலாம் என்று பிரஸ்ஸிலிருந்து ஒரு வெள்ளை ஷீட் கொண்டுவந்தேன். டிவிக்குப் பக்கத்தில் பிடித்தால் எது வெள்ளை என்று அவனே பார்த்துக்கொள்வான்.

பிடித்தேன்.

கார் வெள்ளையாக இருந்தது. ஷீட் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் தண்ணியில் நனைத்துக் காயப்போட்டது மாதிரி.

பழைய ஷீட் போல. அப்படித்தான் இருக்கும்.

நல்லவேளை, தம்பி கடைக்குப் போயிருந்தான்.

ஜூலை 3

புதுக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதுவும் மஞ்சள். வலது கண்ணை மூடினால் இன்னும் மஞ்சள், கொஞ்சம் புகை வேறு. ஒரு கட்டு கெட்டுப்போகலாம். குடோனே கெட்டுப்போகுமா?

அப்போ அந்தக் காமாலைப் பிள்ளை? அது யார் வேலை?

ஜூலை 5

புதுத் தொழில் பழகிவிட்டேன். ஷீட்டைப் பார்ப்பதில்லை. ஷீட்டைப் பார்க்கிற தங்கச்சாமி முகத்தைப் பார்க்கிறேன். முகம் சுருங்கினால் குறை, விரிந்தால் பாஸ். இன்றைக்கு, "நீ என்னலே நினைக்க?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன மதினி, திடீர்னு மரியாதை? உடம்புக்கு முடியலையா?"

ஜூலை 7, வெள்ளி

மூன்றாவது லோடு திரும்பி வந்தது. போன மாதம் நான் தலையாட்டி அனுப்பியது. திங்கட்கிழமையிலிருந்து தங்கச்சாமி கட்டிங் மிசினில்.

அவன் மிசினைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய்.

ஜூலை 9, ஞாயிறு

தம்பி ரெண்டு கார் போட்டோ எடுத்து டிவியில் மாற்றி மாற்றிக் காட்டினான். ஒரே கார், ஒரே தெரு.

"இதுல எது நல்லாருக்குக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானலே? எதுக்கு வெள்ளைக் கார ரெண்டு தடவ எடுத்த?"

அவன் கையில் இருந்ததைக் கீழே வைத்தான்.

"அக்கா, ஒண்ணு வெள்ளை. ஒண்ணு இளமஞ்சள். நான்தான் பெயிண்ட மாத்தினேன்."

நானும் சும்மா விடவில்லை. கரண்டு சரியில்லை என்றேன். டிவி பழசு என்றேன். வெளிநாட்டுக்காரன் மஞ்சளும் ஒரு மஞ்சளா என்றேன். அவன் எதற்கும் சிரிக்கவில்லை.

"நான் வேன் ஓட்டுறவன்க்கா. கண்ணு எனக்குத் தெரியும். எம்புட்டு நாளா இருக்கு?"

"தெரியலலே" என்றேன். அது நிஜம். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மேசை போய்விடும். கண் இல்லாத இந்தப் பஞ்சம்மாளுக்குப் பிரஸ்ஸில் என்ன வேலை? சொல்லாவிட்டால் தங்கச்சாமி மிசின் போகும். சொன்னால் என் மேசை. இதை யார்கிட்ட காட்டி பாஸ் வாங்க?

ஜூலை 10, திங்கள்

மிசின் ஓடுவதற்கு முன்னாலேயே முதலாளி அறைக்குப் போனேன்.

"மொதலாளி, அந்தப் பிள்ளைக்குக் காமாலை இல்ல. எனக்குத்தான்."

"என்ன பஞ்சம்மா, காமாலையா? கீழாநெல்லி குடிச்சியா?"

"கண்ணுல மொதலாளி. எனக்கு மஞ்ச தெரிய மாட்டேங்குது. மூணு லோடும் நான் பாஸ் போட்டது. தங்கச்சாமி மேல தப்பில்ல."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். அதுவும் நான் பாஸ் போட்டதுதான்.

"வெளிய யார்ட்டயும் சொல்லிறாத. கம்பெனிக்காரங்க சிரிப்பாங்க. சரி, சீசன் நேரத்துல உன் மேசையில யார உக்கார வைக்க?"

"தங்கச்சாமியே பாக்கட்டும்."

"அவனே அடிச்சு, அவனே பாக்கவா?"

"பக்கத்துல நின்னு திட்டுறதுக்கு நான் இருக்கேன்ல."

அதற்குத்தான் சிரித்தார். கண்ணைச் சரிபண்ணிவிட்டு வந்தால் மேசை அங்கேயே இருக்கும் என்றார்.

தங்கச்சாமியிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியும் மதினி. வைகாசியில என் மஞ்சச் சட்டையப் பாத்து, வெள்ளைச் சட்டைய இப்படி அழுக்காக்கிட்டியேலேன்னு கேட்டீக."

"அப்பவே சொல்றதுக்கு என்னலே?"

"நீங்க கேட்டதும் எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் எங்க சொல்ல?"

மிசின் துடைக்கிற துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

ஜூலை 30

மதுரையில் கண் டாக்டர் பார்த்தார். புரை. இடது கண்ணுக்கு ஆகஸ்ட் 11-ல் ஆபரேஷன். வலதுக்குத் தீபாவளி கழித்து.

"வயசு நாப்பத்தேழுதானா?" என்றார்.

"பாத்தா அம்புட்டு தெரியுதா? உங்களுக்கும் புரை இருக்கும் சார்" என்றேன்.

ஆகஸ்ட் 12

கட்டு அவிழ்த்தார்கள். யம்மா! இடது கண்ணுக்கு ஊர் முழுக்கச் சொட்டு நீலம் போட்டு வைத்திருக்கிறது. நர்சம்மா உடுப்பு, சுவர், தட்டில் இட்லி, எல்லாம். வலது கண்ணால் பார்த்தால் அதே இட்லி மஞ்சள். ஒரு இட்லியை ரெண்டு இட்லியாகச் சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் தலை எப்போது இவ்வளவு நரைத்தது? ஒருத்தரும் சொல்லவே இல்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

டாக்டர் டிவி பார்க்கலாம் என்றதும் முதல் வேலையாகக் கேமைப் போடச் சொன்னேன். வலது கண்ணை மூடிக்கொண்டு என் பழைய போட்டோக்களைப் பார்த்தேன்.

அடப்பாவி! கடலேதான். ஒரு மீன் மட்டும்தான் குறைச்சல்.

"இத்தன நாள் இந்த டிவியில எப்படிலே படம் பாத்தீக?"

"நீங்க கலர் வச்ச டிவிய மாத்துறதுக்கு இந்த வீட்டுல யாருக்குத் தைரியம்?" என்றான் தம்பி. ரெண்டரை மாதமாக ரெண்டு ஆம்பளைகள் நீல மனுசர்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

பிரஸ் ஷீட்டைப் பக்கத்தில் பிடித்து, டிவியை முதலில் இருந்து சரிசெய்தேன். ஒவ்வொன்றுக்கும் தம்பியைக் கேட்டுக் கேட்டு. அதே வெள்ளைக் காரை, அதே தெருவில், மறுபடி எடுத்தேன்.

செப்டம்பர் 18, திங்கள்

மேசை அங்கேயே இருந்தது. என் நீலக் கார் படத்தைப் பெரிய மிசின் மேல் ஒட்டி வைத்திருக்கிறான் தங்கச்சாமி. கீழே ஸ்ரீமதி கையெழுத்தில்: பஞ்சம்மாள் பாஸ்.

"கிழிலே அத."

"மிசின் நல்லா ஓடுது மதினி. இருக்கட்டும்."

இருக்கட்டும். முதல் ஷீட்டை என் முன்னால் விரித்தான். நான் குனியவில்லை.

"நீ முதல்ல பாரு."

ஒரு மாதிரி என்னைப் பார்த்தான். அப்புறம் ஷீட்டைப் பார்த்தான். "மஞ்ச கொஞ்சம் கூட இருக்கு மதினி. குறைக்கட்டுமா?"

வலது கண்ணை மூடிப் பார்த்தேன். ஆமாம், கொஞ்சம் கூடத்தான். பழைய சாம்பார் வாளிப் பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிவிட்டு, "குறைப்பா" என்றேன்.

குறைத்தான். அடுத்த ஷீட் வந்தது. அவன் பார்த்தான், நான் பார்த்தேன். ரெண்டு பேரும் தலையை ஆட்டினோம். மிசின் ஓடியது.