கப்டன் உங்களுக்கு அவித்த கோதுமை

அண்ணை,

என் குசினி மேசையில் ஒரு கடதாசிப் பை கிடக்கிறது. உள்ளே அவித்த கோதுமை, சீனி, வாதுமைப் பருப்பு, கொஞ்சம் மாதுளை முத்து. கிரேக்கத் தீவொன்றிலிருந்து நேற்றுத்தான் ஜெர்மனிக்கு, எசனுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் புளித்த வாசம் வருகிறது, ஆனால் எறிய மனம் வரவில்லை. இது உங்கள் திவசத்துக்குக் கொடுத்தது. நீங்கள் கண்ணை மூடியது இந்தப் பங்குனியில்தான். அந்தத் தீவிலோ உங்களுக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் திவசம் கொடுக்கிறார்கள்.

உங்களைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்ல?

ஆஸ்பத்திரிக் குசினியில் இருபது வருஷம் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிழங்கு உரித்தோம். நீங்கள் கிரேக்கக் கப்பலில் வேலை செய்ததும், ஹம்பூர்க்கில் களவாக இறங்கியதும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு மார்கழியும் நத்தார் விருந்தில் எழும்பி நின்று சொல்வீர்கள்.

"கப்டன் என்னை இறங்க விடேல்லை. இறங்கினா நீ திரும்பி வரமாட்டாய் எண்டான். நான் என்ன செய்தன், வழமையாக் கும்பிடுற இடத்தில, கப்பல் கம்பியோரமா, செருப்பைச் சோடியாக் கழட்டி வைச்சன். செருப்பைக் கண்டா ஒருத்தரும் கிட்ட வராயினம், கும்பிடுறான் எண்டு விட்டிடுவினம். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏணியால இறங்கி வந்திட்டன். கழுதை, எவ்வளவு நேரம் அந்தச் செருப்பைப் பாத்துக்கொண்டு நிண்டானோ."

நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். கிழக்கு பெர்லின் வழியாக வந்ததாக அகதி விண்ணப்பத்தில் பொய் எழுதிக்கொடுத்ததைச் சொல்ல இன்னும் சிரிப்போம். கப்டனின் தீவுக்கு ஒருக்கால் போகவேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இங்கிருந்து மூன்று மணித்தியாலம் பறந்து, பிறகு ஒரு படகு ஏறினால் சரி. நீங்கள் போகவில்லை. உங்களுக்காக நானாவது பார்ப்போமென்று இந்த விடுமுறைக்குப் போனேன்.

சின்னத் தீவு, ஒரு காலைக்குள் நடந்து முடித்துவிடலாம். ஆண்களைக் கடலுக்கு அனுப்பியே பிழைத்த ஊர். வீட்டுக்கு வீடு சுவரில் கப்பல் படம்தான், சாமி படம் அதற்குக் கீழே. நான் போன ஞாயிற்றுக்கிழமை, கடலில் மாண்டவர்களின் பெயர்களைத் துறைமுகத்தில் நின்று வாசிக்கும் நாள். வாசித்து முடிய, அந்தந்த வீட்டார் அவித்த கோதுமையைப் பையில் போட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன். பாதிரியாருக்குப் பின்னால் ஒரு பெயர்க்கல். எல்லாம் கிரேக்க எழுத்து. கடைசி வரி மட்டும் ஆங்கில எழுத்தில். உங்கள் பெயர், உங்கள் அப்பாவின் பெயர், உங்கள் ஊர் வல்வெட்டித்துறை.

அண்ணை, மூன்று தரம் வாசித்தேன்.

அந்த வரிக்கு நேரே ஒரு கிழவர் கதிரை போட்டு, மடியில் தட்டத்தோடு இருந்தார். எனக்கு ஒரு பையை நீட்டினார். ஜெர்மன் துறைமுகங்களில் பழகிய ஜெர்மன் பேசினார்.

"இவனுக்கு இங்கே ஆளில்லை. ஆளில்லாதவனுக்கு அவனுடைய கப்டன்தான் கோதுமை அவிக்க வேண்டும். எங்கள் முறை அது."

நான் கேட்காமலே மிச்சத்தையும் சொன்னார். வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க ஒரு மணித்தியாலம் இறங்கவிடு என்று நீங்கள் கெஞ்சினீர்களாம். அவர் மாட்டேன் என்றாராம். கப்பல் வெளிக்கிட்ட பிறகு ஆளைக் காணவில்லை, கம்பியோரம் செருப்பு மட்டும் சோடியாக இருந்தது. மறுத்த கோபத்தில் குதித்துவிட்டான் என்று நினைத்தார். கப்பலைத் திருப்பி, ஹம்பூர்க்கின் அந்தக் குளிர் ஆற்றில் ஆறு மணித்தியாலம் தேடினார். ஊருக்கு வந்தவர் பிறகு கப்பல் ஏறவே இல்லை. கப்டன்களுக்கு மட்டும் மரியாதை உள்ள அந்த ஊரில், படகுத்துறையில் டிக்கெட் கிழித்தே கிழவனாகிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நீங்கள் முன்னால் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் இப்படித் தேடியது உங்களுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கடிதம் போட்டிருக்கலாமே. விசா கிடைத்த பிறகாவது, பாஸ்போர்ட் கிடைத்த பிறகாவது.

பையை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். எண்பது தாண்டிய மனிதர், இனி உண்மை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன். ஆனால் அவர் அடுத்த பையை எடுத்து, உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவருக்கு நீட்டினார்.

"எனக்கு இவரைத் தெரியும்," என்றேன். "என்னோடு வேலை செய்தவர்."

"எந்தக் கப்பலில்?"

"கப்பலில் இல்லை. எசனில். போன நத்தாருக்கும் இருந்தவர், இந்தப் பங்குனியில்தான் செத்தவர்."

அவருக்கு விளங்கவில்லை. தொலைபேசியை எடுத்து உங்கள் அறுபதாவது பிறந்தநாள் படத்தைக் காட்டினேன். மாலையும் கேக்குமாக நிற்கிற படம். இரண்டு விரலால் உங்கள் முகத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். கத்தப்போகிறார் என்று பயந்தேன்.

"தொப்பை வைத்துவிட்டான்," என்றார். பிறகு கேட்டார்: "நான் தேடிக்கொண்டிருந்த நேரம் அவன் எங்கே இருந்தான்?"

அந்தப் பதிலும் எனக்கு மனப்பாடம்தானே. நீங்கள் நத்தாருக்கு நத்தார் கதையை முடிக்கிற இடம் அது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ரயில் நிலையத்தில் கோக்கோ குடித்துக்கொண்டிருந்தார்."

"சூடாக இருந்ததாமா?"

"ஓம்."

"நல்லது," என்றார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "நான் அவனைத் தண்ணீருக்குள்ளே நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலமும்."

அண்ணை, காலையில் உங்கள் வீட்டிலிருந்து அக்கா போன் எடுத்தா. இந்த நத்தாருக்கும் எல்லாரும் வருவினமாம். "இவற்ற கப்பல் கதையை இனி நீதான் சொல்லவேணும், உனக்குத்தான் முழுக்கத் தெரியும்," என்றா. அவவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். கதை முழுக்க எனக்குத் தெரியும் என்பது இப்போதுதான் சரி. எந்த இடத்தில் சிரிப்பது என்பதுதான் தெரியவில்லை.