நான்கு ஜோடிக்கு எட்டுக் கூடு

நவம்பர் 4, 2024, திங்கள்
லாட்ஜில் கூட்டமில்லை. ரிசப்ஷன் மேஜையிலேயே ஃபிஞ்ச் குருவிகளின் பட்டியலைப் பென்சிலால் எழுதினேன். எவை ஒரே கூண்டில் சண்டையில்லாமல் வாழும்? பெங்காலி – யாரோடும் ஒத்துப்போகும். ஜீப்ரா – சத்தம் அதிகம், சமாளிக்கலாம். ஜாவா – பெரிய அலகு, சின்னவை பாவம். கோல்டியன் – சாது, இந்த மலைக் குளிர் தாங்காது. கடைசி இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முதலாளியம்மா மாரியம்மாளின் மகன் பிரகாஷ்தான் தோட்டத்தில் கம்பிக் கூண்டு கட்டுகிறான். "கூண்டு தெறக்கற அன்னிக்கே அம்மாகிட்ட நம்ம விசயத்தச் சொல்லிடறேன் ரஞ்சி" என்றான். மூன்று வருடமாகக் காத்திருந்த வாக்கியம்.

நவம்பர் 9, சனி
பிரகாஷ் கோல்டியன் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டான். ஜாவாவும் வேண்டுமாம். அடித்த கோட்டை ரப்பரால் அழித்தேன். இந்த வாரம் அவனை மறுத்துப் பேச மனம் வரவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்
நான்கு ஜோடிக்கு எட்டுக் கூடு வேண்டும், வேறு வேறு உயரத்தில்; ஒன்றைப் பறிகொடுத்தாலும் ஒதுங்க இன்னொன்று இருக்கும். முரட்டு ஜாவாவை ஒரு வாரம் கழித்து விடலாம் என்றேன். மாரியம்மாள் அம்மா சிரித்தார்கள். "நாலு சோடிக்கு நாலு போதுங்கண்ணு. கெழக்கு பாத்து வரிசையா வெச்சு, நல்ல நேரத்துல ஒண்ணா உட்ரலாம்."
பிரகாஷைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் நான்கு என்றே எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 14, வியாழன்
பத்தரைக்கு எல்லாக் குருவிகளையும் ஒன்றாகக் கூண்டில் விட்டார்கள். சேலத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். காப்பி கொண்டுபோனபோதுதான் தெரிந்தது – மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்வீட்டார்.
மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் இவர்கள் பெண் பார்த்து முடித்தாயிற்று. எப்போ போனான்? எந்த ஞாயித்துக்கிழமை? அன்னிக்கும் எனக்கு போன் பண்ணிப் பேசினானா?
"நம்ம ரிசப்சன் புள்ளைங்க. குருவியெல்லாம் இவதான் பாத்து எடுத்தா" என்று அம்மா என்னைக் காட்டினார்கள்.

நவம்பர் 15
"அம்மா பேச்ச மீற முடியல ரஞ்சி." அவ்வளவுதான்.

நவம்பர் 17, ஞாயிறு
கோல்டியன் பெட்டை தரையில் செத்துக் கிடந்தது. அதன் கூட்டில் ஜாவா. இரவெல்லாம் பனிமூட்டம், ஒதுங்க இன்னொரு கூடு இல்லை.
பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அழித்தாலும் கோட்டின் தடம் தாளில் இருக்கிறது. தெரிந்தேதானே செய்தேன்.

நவம்பர் 25, திங்கள்
கிளியூர், எங்கள் வீடு. வேலையை விட்டுவிட்டேன். ஆண் கோல்டியனைக் கேட்டதும் மாரியம்மாள் அம்மா தயங்கவில்லை: "சோடியில்லாதத வெச்சு என்ன பண்றது, நீயே எடுத்துக்க கண்ணு." அவர்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.
துணைக்கு இரண்டு பெங்காலி வாங்கினேன். கூண்டு அடுப்பங்கரையில், சூடு எட்டும் தூரத்தில். என் அம்மா அடுப்பில் இன்னொரு விறகு வைத்தாள்.
நான் கூடுகள் கட்டுவதை அப்பா எண்ணிக்கொண்டே இருந்தார். "ஏஞ்சாமி, மூணு குருவிக்கு ஆறு ஊடா? உங்கப்பனுக்கே ஒண்ணுதான்." மூன்று போதாதா என்றார்.
போதாது என்றேன். ஆறையும் கட்டினேன், வேறு வேறு உயரத்தில்.