இரவல் குடை

பிப்ரவரி 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல். போனில் பேசினால் காது சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குக் காது வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் சிநேகிதர் தபால்காரர் காலமானதில் எனக்கும் வருத்தம்தான். பழைய பேப்பர் கடையில் ஒரே கட்டுக்கு அடித்துக்கொண்டு, பிறகு உயிருக்கு உயிராகப் பழகினீர்கள். அவர் சேர்த்து வைத்த பேப்பரையெல்லாம் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்துவிட்டு இரண்டே வாரத்தில் வருகிறேன் என்று போனீர்கள். மாதம் ஒன்றைத் தாண்டிவிட்டது. ஊருக்கு ஊர் பழைய பேப்பர் இருக்கும்போல.

அவர் சம்சாரம் டீச்சராக இருந்தவர் என்றீர்கள். என்ன வயது என்று சொல்லவில்லை. சும்மாதான் கேட்கிறேன்.

தையல் மிஷினுக்கு பெல்ட் மாற்றினேன். உங்கள் பேப்பர் அறைப் பூட்டைத் தொடவில்லை, நிம்மதியாக இருங்கள். மூட்டுத் தைலம் நீங்கள் கொண்டுபோன பையின் பக்கவாட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

பிப்ரவரி 11

அன்புள்ள டெய்லரம்மா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை நினைத்ததைவிடப் பெரியது. தபால்காரர் மனிதன் இல்லை, பேய். பரண் முழுக்க அடைத்து வைத்திருக்கிறார். ஆனால் என்ன பேப்பர் தெரியுமா! சண்டை, தேர்தல் எல்லாம் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கிடைத்துவிடும். மாடு காணவில்லை என்று ஒருத்தன் கொடுத்த விளம்பரம் எதில் கிடைக்கும்? அதில்தான் அந்தக் காலத்து மனுஷன் உட்கார்ந்திருக்கிறான்.

டீச்சர் வாய்விட்டுப் படிக்கிறார், நான் குறித்துக்கொள்கிறேன். நல்ல கணீர்க் குரல். வயது உன்னைவிட ஒன்றிரண்டு கூடத்தான் இருக்கும், பார்த்தால் அப்படித் தெரியாது. விரலில் எச்சில் தொட்டுப் புரட்டும் கெட்ட பழக்கம் அவருக்கும் உண்டு. அவர் வீட்டுப் பேப்பர், நான் என்ன சொல்ல?

தைலம் கிடைத்தது. இன்னும் கொஞ்சநாள் ஆகும்.

அன்புடன்,
உன் கணவன்

பிப்ரவரி 16

வீட்டுக்காரருக்கு,

"நான் என்ன சொல்ல" என்றா கேட்கிறீர்கள்? எனக்குச் சொன்னதைச் சொல்லுங்கள். கல்யாணமான புதிதில் நான்தான் உங்களுக்கு வாய்விட்டுப் படித்தேன். ஞாபகம் இருக்கிறதா? எச்சில் தொட்டுப் புரட்டினேன் என்று, "மூலையெல்லாம் கறுத்துப் போயிடும், கைய எடுடி" என்று கையைத் தட்டிவிட்டீர்கள். அன்றைக்கு நிறுத்தினவள்தான். அதற்கப்புறம், அளவு பேப்பர் வெட்டக் கைக்கு அகப்பட்ட உங்கள் பேப்பர் ஒன்றைக் கத்தரித்துவிட்டேன். எந்தத் தையல்காரி பழைய பேப்பரில் அளவு வெட்டாமல் இருக்கிறாள்? "முழுசா இருந்தாத்தான் பேப்பர், வெட்டிட்டா குப்பை" என்று கத்தினீர்கள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அறைக்குப் பூட்டு வந்தது.

எனக்கு எரிகிறது. மறைக்கவில்லை. அந்த அம்மாள் படிக்கிறதும் நீங்கள் எழுதுகிறதும் கண்முன்னால் வந்து நிற்கிறது. நேற்று ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன்.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று அறையைத் திறந்தேன். சாவி இருக்கும் இடம் எனக்கு என்றைக்கும் தெரியும். ஒரு பேப்பர்க் கட்டை எடுத்துப் புரட்டினேன். எச்சில் தொட்டுத்தான் புரட்டினேன்.

ஒரு விளம்பரம் பாருங்கள். "சந்தை பஸ்ஸில் கறுப்புக் குடை தொலைந்துவிட்டது. மரக் கைப்பிடி. என்னுடையதல்ல, இரவல். கண்டெடுத்தவர் தயவுசெய்து கொடுத்தால் மானம் பிழைக்கும்." மறுநாளும் அதே விளம்பரம். அந்த வாரம் முழுக்க வருகிறது. குடை விலையைவிட விளம்பரத்துக்கு அதிகம் கொடுத்திருப்பான், பைத்தியக்காரன். அடுத்த திங்கட்கிழமைப் பேப்பர் நம்மிடம் இல்லை. குடை கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் ஏன் இப்படி ஆனீர்கள் என்று இத்தனை வருஷம் கழித்துப் புரிகிறது.

அந்தத் திங்கட்கிழமைத் தேதியைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தபால்காரரின் கட்டுகளில் அந்தப் பேப்பர் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் படிக்கிறேன், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். கையைத் தட்டிவிட்டாலும் பரவாயில்லை.

வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

பிப்ரவரி 27

அன்புள்ள டெய்லரம்மா,

நீ கேட்ட திங்கட்கிழமைப் பேப்பர் இங்கே இருந்தது. குடை விஷயத்தை டீச்சரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். "பாவம், அவங்க எதுக்குக் காத்திட்டிருக்கணும்? இந்தாங்க" என்று கத்தரிக்கோலை எடுத்து அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு துண்டுதானே சார்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

முக்கியமான விஷயம். இங்கே மாடி அறை காலியாக இருக்கிறது, ஈரம் இல்லை, கரையான் இல்லை. இரண்டு பேர் சேகரிப்பையும் ஒன்றாக்கி ஒரு படிப்பகம் வைக்கலாம் என்று டீச்சர் சொல்கிறார். உனக்கும் அந்த அறை காலியாகும், மிஷினைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வருகிற வாரம் லாரி அனுப்புகிறேன். கட்டுகளை ஏற்றிவிடு. அப்படியே என் சாய்வு நாற்காலியையும், கம்பளிப் போர்வையையும்.

வேறு எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. எல்லாம் பேப்பருக்காகத்தான்.

அன்புடன்,
உன் கணவன்

மார்ச் 9

பேப்பர்காரருக்கு,

துண்டு வந்தது. "குடை கிடைத்தது. உரியவரிடம் சேர்த்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி." படித்ததும் நிம்மதியாக இருந்தது. முகம் தெரியாத அந்தக் குடைக்காரனை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தவித்தானே. உங்களை நானும் இரண்டு வாரத்துக்கு இரவலாகத்தான் அனுப்பினேன். டீச்சருக்கு அந்தத் தவிப்பு இல்லை. உங்களுக்கும் இல்லை.

நான் வெட்டினபோது குப்பை. அவர் வெட்டினபோது சிரித்தீர்கள். இதற்கு மேல் நீங்கள் எதையும் விளக்கவேண்டாம். பேப்பருக்குப் போர்வை எதற்கு என்றும் நான் கேட்கப்போவதில்லை.

இத்தனை வருஷமாக இந்தக் குப்பை எப்போது வீட்டைவிட்டுப் போகும் என்று காத்திருந்தவள் நான். இன்றைக்கு லாரி வந்தது. கட்டுகளை ஆட்கள் தூக்கிக்கொண்டு போனபோது வாசலில் நிற்க முடியவில்லை. உள்ளே போய் மிஷினை மிதித்தேன். ஊசியில் நூல்கூடக் கோத்திருக்கவில்லை.

போர்வையை லாரியில் வைத்து அனுப்பியிருக்கிறேன், அங்கே குளிரும். நாற்காலி வராது. அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். குடைக்காரனின் அந்த வாரத்துப் பேப்பரும் வராது. மற்றதெல்லாம் முழுசாக இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவதுதான் என் தொழில், ஆனால் ஒன்றிலும் கத்தரி வைக்கவில்லை.

லாரி வரும்வரை உட்கார்ந்து புரட்டினேன். முடிந்தவரை எல்லாக் கட்டையும் புரட்டினேன். மூலைகள் கொஞ்சம் கறுத்திருக்கும். டீச்சர் விரல் வைக்கும்போது சொல்லிவிடுங்கள், அங்கே ஏற்கெனவே ஒருத்தி விரல் வைத்திருக்கிறாள் என்று.

இப்படிக்கு,
தையல்காரி